மாற்றப்பட்ட நிப்பு

முதல் முறையாக ஒரு நல்ல பேனா வாங்க நினைக்கிறவர் அவசரப்படக் கூடாது ஐயா. மூன்று கடையாவது ஏறி இறங்க வேண்டும். நான் ஏறி இறங்கினேன். அந்த விஷயத்தில் என்மேல் யாரும் குறை சொல்ல முடியாது.

கட்டாயம் ஒன்றுமில்லை, விருப்பமிருந்தால் மட்டும் சொல்லலாம் என்று நீங்கள் எடுத்துச் சொன்னீர்கள். ஒரு மாஜிஸ்திரேட் என்னிடம் இவ்வளவு மரியாதையாகப் பேசுவார் என்று நான் நினைக்கவில்லை. என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவும் இல்லை. ஸ்டேஷனில் ஏட்டு அற்புதசாமி காபிகூட வாங்கிக் கொடுத்தார். நான் குடிக்கவில்லை. காரணமில்லாமல் ஒருவர் காபி வாங்கிக் கொடுத்தால் நான் தொடுவதில்லை. நானாகத்தான் சொல்ல வந்திருக்கிறேன். ஸ்டேஷனில் எழுதிய காகிதத்தில் நிப்பு மாறிப்போனதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் உங்களிடம் முதலிலிருந்து சொல்கிறேன்.

என் பெயர் வீரமலை. சொந்த ஊர் தொட்டியம். இருப்பது ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் தெருவில் ஒரு போர்ஷன். நானும் என் மனைவி வெள்ளையம்மாளும் மட்டும்தான். திருச்சியில் ஒரு வாழைக்காய் மண்டியில் சரக்கைச் சரிபார்க்கிற வேலை எனக்கு. லாரியிலிருந்து தாரும் இலைக்கட்டும் இறங்கும்போது பக்கத்தில் நிற்பேன். இலைக்கட்டு வெளியே பச்சைப்பசேல் என்று இருக்கும். நடுவில் கையை விட்டால் கிழிந்த இலையாக வரும். கட்டியவர்கள் என் ஊர்க்காரர்கள்தான். 'மாப்ளே' என்று தோளில் கை போடுகிறவர்கள்தான். அவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் கையை நடுவில் விடுவேன். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் ஐயா. இதை வியாதி என்கிறாள் வெள்ளையம்மாள். வேலையை வியாதி என்று சொல்கிறவளிடம் என்ன பேசுவது?

சரிபார்த்த சீட்டில் கையெழுத்துப் போடுவதும் நான்தான். அப்போது என்னிடம் இருந்தது ஒழுகுகிற பேனா. சட்டைப்பையில் எப்போதும் ஒரு நீலத் திட்டு இருக்கும். "சார் நெஞ்சுல காவேரி ஓடுது டோய்" என்று சுமை தூக்குகிறவர்கள் சிரிப்பார்கள். ஒருநாள் மதராஸிலிருந்து வந்த வியாபாரி ஒருவர் அவசரத்துக்கு என் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். எனக்கு அவமானமாக இருந்தது. வாழ்க்கையில் ஒரு தடவை, தங்க நிப்பு போட்ட சீமைப் பேனா ஒன்று வாங்கிவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

என் மாதிரி ஆளுக்கு மூன்று வழி உண்டு. முதலாவது, உள்ளூரில் கடைந்து செய்கிற புதுப் பேனா. சின்னக் கடைவீதியில் பார்த்தேன். நல்ல சரக்கு, ஆனால் எஃகு நிப்பு. மண்டியில் பாதிப் பேர் சட்டையில் அதுதான் குத்தியிருக்கும். இரண்டாவது, புத்தம்புது சீமைப் பேனா. பெரிய கடைவீதியில் ஒரு கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. இறக்குமதியை அரசாங்கம் நெருக்கிப் பிடித்திருக்கும்போது இது எந்த வழியாக வந்தது என்று கேட்டேன். கடைக்காரர் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டேன். விலையும் எனக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. மூன்றாவது, பழைய பேனா. பழையதில் பாதி விலைக்குத் தங்க நிப்பு கிடைத்துவிடும். ஆனால் பேனாவை மட்டும் பார்த்து வாங்க முடியாது. விற்கிற ஆளையும் பார்க்க வேண்டும்.

ஆள் சேக் மைதீன் பாய். மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு ஜவுளிக்கடையின் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து பேனா ரிப்பேர் செய்வார், பழைய பேனா விற்பார். கொழும்பிலிருந்து போட் மெயில் ரயிலில் வந்து போகிறவர்கள் கைச்செலவுக்கு விற்றுவிட்டுப் போகும் பேனாக்கள் அவரிடம் சேரும். கண்ணில் ஒரு லென்ஸை இடுக்கிக்கொண்டு வேலை செய்வார். அடைத்துக்கொண்ட பேனாவைக் கொடுத்தால் நிப்பை உதட்டில் வைத்து ஓர் உறிஞ்சு உறிஞ்சுவார். மை வந்தால் பக்கத்திலிருக்கும் தகர டப்பாவில் துப்புவார். வருஷக்கணக்காக இதே வேலை. அவர் உதட்டில் வெற்றிலைச் சாயம் மாதிரி மை ஏறிப்போய் நீலமாக இருக்கும். அந்தப் பக்கத்தில் எல்லாரும் நீல உதட்டு பாய் என்றுதான் சொல்வார்கள். மூக்குப்பொடியும் உண்டு. இந்த இரண்டையும் நான் முதல் நாளே கவனித்தேன். அப்போது எனக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. எதையும் கவனிப்பது என் பழக்கம்.

வாங்கிய அன்று வெள்ளையம்மாளும் கூட இருந்தாள். தாயுமானவரைக் கும்பிட்டுவிட்டு இறங்கி வந்தோம்.

"வாங்க சார், உக்காருங்க. தங்கச்சி, நீங்க அந்த ஸ்டூல்ல உக்காந்துக்கங்கம்மா, வெயில்ல வந்திருக்கீங்க" என்றார் பாய்.

விற்கிறவர் வாங்குகிறவன் மனைவியை உட்காரச் சொல்வதில் ஏதோ கணக்கு இருக்கும் என்று நினைத்தேன். வாட்டர்மேன் பேனா அது. கருஞ்சிவப்பு உடம்பு, பக்கவாட்டில் ஒரு சின்ன நெம்புகோல். அதைத் தூக்கி இறக்கினால் உள்ளே ரப்பர் பை அமுங்கி மையை இழுத்துக்கொள்ளும். நிப்பில் பதினாலு காரட் முத்திரை. உடம்பில் பழைய சொந்தக்காரர் பெயர் வெட்டியிருந்ததைத் தேய்த்து எடுத்த தடம் தெரிந்தது.

"யாரோடது இது?"

"கொழும்புல ஒரு டாக்டருது சார். கை நடுக்கம் வந்துருச்சு, இனிமே எனக்கெதுக்குன்னு குடுத்துட்டுப் போனாரு. அழுத்தாம எழுதின கை சார். நிப்பு பாருங்க, அப்படியே இருக்கு."

அதற்கு முன்பே பல தடவை போய் அந்தப் பேனாவைப் பார்த்திருக்கிறேன். கழற்றிக் காட்டச் சொல்வேன், மூடியை இறுக்கிக் காட்டச் சொல்வேன், வெளிச்சத்தில் நிப்பின் பிளவைப் பிடித்துக் காட்டச் சொல்வேன். பாய் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. "பொண்ணு பாக்கறதுக்குக்கூட இத்தனை தடவ வரமாட்டாங்க சார்" என்று சிரிப்பார். ஒருவர் இவ்வளவு பொறுமையாக இருந்தால் எனக்கு உறுத்தும். இருந்தாலும் வாங்கினேன்.

ஐயா, அந்தப் பேனாவால் எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை வெட்கமில்லாமல் சொல்கிறேன். சித்திரையிலிருந்து ஐப்பசி வரை, சீட்டில் கையெழுத்துப் போடுகிற ஒவ்வொரு தடவையும் சந்தோஷமாக இருந்தது. என் பெயரின் முதல் எழுத்தில் சுழி போட்டு வளைக்கும்போது நிப்பு ஒரு இடத்தில் லேசாகத் தடுத்து, பிறகு ஓடும். அந்தத் தடுப்பு எனக்குப் பழகிவிட்டது. யாருக்கும் இரவல் கொடுக்கவில்லை. இன்னொரு கை பட்டால் நிப்பு கெட்டுப்போகும் என்று உங்களுக்கும் தெரியும். தோட்டங்களுக்குப் போகிற நாளில் மட்டும் வீட்டில் சாமி அலமாரியில் வைத்துவிட்டுப் போவேன். வாழைக்கறை பட்டால் எதற்கும் போகாது. அலமாரியைத் தொடக் கூடாது என்று வெள்ளையம்மாளிடம் சொல்லியிருந்தேன்.

நான் சொன்னால் கேட்பாள். ஒரு தடவை என்னிடம் சொல்லாமல் பக்கத்துப் போர்ஷனுக்கு ஒரு கிண்ணம் சர்க்கரை கொடுத்துவிட்டாள். தீபாவளிக்குக் கொடுத்தது. பொங்கல் வரை நான் அவளோடு பேசவில்லை. கத்தவில்லை, கை ஓங்கவில்லை. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. அதற்குப் பிறகு என் வீட்டில் எல்லாம் சரியாக நடந்தது.

ஐப்பசியில் பேனாவின் ரப்பர் பை ஓட்டையாகிவிட்டது. பாயிடம் கொண்டுபோனேன். "பை ஊறணும் சார், நாளைக்கு வந்து வாங்கிக்கங்க" என்றார். ஒரு ராத்திரி பேனா அவரிடம் இருந்தது. நான் செய்த ஒரே தப்பு அதுதான். மறுநாள் வாங்கும்போது இரண்டு வரி எழுதிப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. புது ரப்பர் மை இழுக்கிற அழகில் மயங்கிவிட்டேன் போலிருக்கிறது. அன்றைக்கே சரக்குப் பேச தொட்டியம் போக வேண்டியிருந்தது. பேனாவை அலமாரியில் வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து மண்டியில் முதல் கையெழுத்தைப் போட்டேன். சுழியில் தடுக்கவில்லை.

நிப்பு வழவழவென்று ஓடியது. முன்பைவிட நன்றாகவே எழுதியது. வேறு யாராவது என்றால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். நான் நிப்பைக் கழுவித் துடைத்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நிப்பின் தோள் பக்கத்தில் மெல்லியதாக ஒரு கீறல் இருந்தது, குறடு பிடித்த மாதிரி.

வெள்ளையம்மாளைக் கேட்டேன். "யாராச்சும் பேனாவத் தொட்டாங்களா?"

"இல்லீங்க" என்றாள். அரிவாள்மனையில் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. நான் நம்பினேன். இதை எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. சந்தேகப் பிராணி என்று என்னைச் சொல்கிறார்களே, என் மனைவி சொன்னதை நான் நம்பினேன். அவள் இல்லை என்று சொன்ன பிறகு மிச்சம் இருந்தது பாய் ஒருவர்தான். என் தங்க நிப்பை எடுத்துக்கொண்டு முலாம் பூசின வேறு நிப்பைப் போட்டுவிட்டார். போலி வைரத்தையே பட்டறையில் செய்கிற ஊர் இது, நிப்பில் ஒரு முத்திரை குத்துவது பெரிய காரியமா?

நேராகப் போய்க் கேட்டேன். பாய் லென்ஸை இடுக்கிக்கொண்டு நிப்பைப் பார்த்தார். பிறகு லென்ஸை எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

"நிப்பு உங்க நிப்புதான் சார்."

"அப்ப எழுத்து ஏன் மாறுச்சு?"

"எழுத எழுத மாறும் சார். அல்லா மேல ஆணையா சொல்றேன், நான் மாத்தல."

"இந்தக் கீறல்?"

கொஞ்சம் தயங்கினார். "வேலை செய்யறப்ப குறடு பட்டிருக்கும் சார். என் கைத்தப்புதான். வேணும்னா இந்தப் பொட்டியில எந்தப் பேனா புடிக்குதோ எடுத்துக்கங்க. மேல ஒண்ணும் தர வேணாம்."

யோசித்துப் பாருங்கள். ரப்பர் பை மாற்றுகிறவருக்கு நிப்பின் தோளில் குறடு வைக்க என்ன வேலை? தப்புச் செய்யாதவர் எதற்காகத் தன் பெட்டியையே திறந்து வைக்கிறார்? என் கையிலிருக்கும் சாட்சியை வாங்கி உள்ளே போட்டுக்கொள்ளப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கிளம்பும்போது, "தங்கச்சி சௌக்கியமா இருக்காங்களா சார்?" என்றார். பேச்சு நிப்பைப் பற்றி. நடுவில் என் மனைவி எப்படி வந்தாள்? பேச்சை மாற்றுகிறார் என்று மனத்தில் குறித்துக்கொண்டேன்.

நான் யாரையும் எடுத்தவுடன் குற்றவாளி ஆக்குகிறவன் இல்லை. உறையூரில் ஒரு ஆசாரியிடம் போனேன். நிப்பைக் கழற்றி, கண்ணுக்குத் தெரியாத ஓரத்தை உரைகல்லில் தேய்த்துப் பார்த்தார். "தங்கம்தாங்க" என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் நான் வீட்டுக்குப் போயிருப்பேன். "எங்க வாங்குனீங்க? மைதீன் பாய்கிட்டயா? தங்கமான மனுஷனாச்சே" என்று சிரித்தார். இருவரும் பழக்கம் என்று தெரிந்துபோனது. அந்தச் சோதனை செல்லாது.

அடுத்த வாரமும் பாயிடம் போனேன், அதற்கடுத்த வாரமும் போனேன். எதிரே நின்று பார்த்துக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான். கார்த்திகை பிறந்த சமயம் அவரே என்னைக் கூப்பிட்டார்.

"சார், உங்க மனசு சமாதானம் ஆகலன்னு தெரியுது. கொழும்பு போற ஒருத்தர்கிட்ட சொல்லி விட்டிருக்கேன். இன்ஷா அல்லா, அடுத்த மாசம் இதே மாதிரி அசல் நிப்பு ஒண்ணு வந்துரும். எனக்குக் காசு ஒண்ணும் வேணாம். உங்க வீட்ல எல்லாரும் நிம்மதியா இருக்கணும் சார், அது போதும்."

அந்த நிமிஷம் எனக்கு எல்லாச் சந்தேகமும் தீர்ந்தது. எடுக்காதவர் எதற்காகத் திருப்பிக் கொடுக்கிறார்? வாயால் ஒப்புக்கொள்ளவில்லையே தவிர வேறு எல்லா வகையிலும் ஒப்புக்கொண்டுவிட்டார். என் தலையில் மிளகாய் அரைத்துவிட்டு, அதற்கு மருந்தும் அவரே தடவ வருகிறார். எனக்குக் கோபம் வரவில்லை ஐயா. கணக்கு நேரான மாதிரி ஓர் அமைதிதான் வந்தது.

தொட்டியத்தில் என் தம்பி சின்னையா வாழை வைத்திருக்கிறான். தோட்டத்துக் கொட்டகையில் வாழைக்குத் தெளிக்கிற பூச்சிமருந்து தகர டின்னில் இருக்கும். "கையில படக்கூடாதுண்ணே, பட்டா சோப்புப் போட்டுக் கழுவணும். போன வருஷம் தெளிக்க வந்தவன் ஒருத்தன் பொழைக்கவே இல்ல" என்று அவன் எல்லாரிடமும் சொல்வான். அவன் மடை மாற்றப் போயிருந்தபோது ஒரு பழைய மைப்புட்டியில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டேன். தம்பிக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. மறுநாள் காலை பேனாவில் மைக்குப் பதில் அதை இழுத்தேன்.

ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். பாயை நான் எதுவும் செய்யச் சொல்லவில்லை. பேனாவைக் கொடுத்து, "மை வர மாட்டேங்குது பாய்" என்று மட்டும் சொன்னேன். உதட்டில் வைத்து உறிஞ்சுவது அவர் பழக்கம். பொடி போட்டுப் போட்டு மூக்கு மரத்துப்போயிருந்ததால் அவருக்கு வாசனை தெரியவில்லை. இந்த இரண்டு பழக்கத்தையும் நான் அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

நான் பேனாவைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். போயிருந்தால் நான் அங்கே இருந்ததே யாருக்கும் நினைவிருக்காது. ஆனால் பேனாவை அவரிடம் தனியாக விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அந்த நேரத்தில் மறுபடியும் எதையாவது மாற்றிவிட்டால்? அதனால் அந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன்.

உறிஞ்சினார். முகத்தைச் சுளித்து டப்பாவில் துப்பினார். "என்ன மை சார் இது, நாக்கெல்லாம் எரியுது" என்றார். கழற்றிப் பார்க்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் நெற்றியெல்லாம் வேர்த்தது. வாயில் எச்சில் ஊற ஊறத் துண்டால் துடைத்துக்கொண்டார். கை நடுங்கியது. அப்புறம் அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன். கழற்றிய பேனாவை அந்த நடுங்குகிற கையாலேயே மறுபடி பூட்டினார். நிப்பு தரையில் இடிக்காதபடி மேல்பக்கமாகப் பிடித்து, மூடியைப் போட்டு, திருகி, என் கையில் வைத்தார். "சார், பேனா... பத்திரம்" என்றார். அதன் பிறகுதான் சாய்ந்தார்.

குற்றமுள்ள மனம் அப்படித்தான் ஐயா. கடைசி நேரத்திலாவது பொருளைச் சொந்தக்காரனிடம் சேர்த்துவிட வேண்டும் என்று பதறும்.

ஜவுளிக்கடைக்காரர்கள் ஓடி வந்தார்கள். சோடா வாங்கி வந்து தெளித்தார்கள். குதிரை வண்டியில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. உதடு நீலமாகிவிட்டது என்று சொல்ல ஆளில்லை, அது எப்போதும் நீலம்தான். மாரடைப்பு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். அவர் மனைவி ஜஹானாரா வந்தார்கள். கடைசியில் யார் பக்கத்தில் இருந்தது என்று கேட்டார்கள். நான்தான் என்றேன். "நீங்களாச்சும் இருந்தீங்களே, அல்லா உங்களுக்குக் கூலி கொடுப்பான்" என்று அழுதுகொண்டே சொன்னார்கள். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து வெள்ளையம்மாளிடம், "அந்த நிப்பு பாய் செத்துப் போயிட்டாரு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். ஒரு பேனா ரிப்பேர்க்காரருக்காக என் மனைவி இப்படி அழுவது எதற்கு என்று கேட்டேன். அப்போது சொன்னாள்.

நான் பேனாவை வீட்டில் விட்டுப் போகிற நாளிலெல்லாம் அவள் அதை எடுத்து ஸ்ரீராமஜெயம் எழுதினாளாம். லட்சத்தெட்டு எழுதி ஆஞ்சநேயருக்கு மாலையாகச் சாத்துவதாக வேண்டுதலாம். தங்க நிப்பால் எழுதினால் விசேஷம் என்று பக்கத்துப் போர்ஷன் மாமி சொன்னாளாம். என்ன வேண்டுதல் என்று கேட்டேன்.

"உங்க மனசுல இருக்கற சந்தேகம் போவணும்னுதாங்க" என்றாள்.

ஐப்பசியில் நான் தொட்டியம் போயிருந்தபோது பேனா கை தவறி சிமென்ட் தரையில் நிப்புக் குத்த விழுந்துவிட்டதாம். நிப்பு வளைந்துவிட்டதாம். எனக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயத்தில் பேனாவைக் காய்கறிப் பையில் வைத்துக்கொண்டு தனியாக பஸ் ஏறிப் பாயிடம் போனாளாம். பாய் குறடு வைத்து நிமிர்த்தி, தேய்த்துச் சரிசெய்து கொடுத்தாராம். "காசெல்லாம் வேணாம் தங்கச்சி. சார்கிட்ட நான் சொல்ல மாட்டேன், பயப்படாம போங்கம்மா" என்றாராம். அதே நிப்புதானாம்.

நான் கோபப்படவில்லை. பொறுமையாக விசாரித்தேன். எந்த பஸ், எங்கே இறங்கினாய், பாய் எந்தக் கையில் குறடு பிடித்தார், என்ன சொன்னார். மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். மறுபடியும். ஒவ்வொரு தடவையும் ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னாள். உண்மை பேசுகிறவர்கள் நடுவில் எதையாவது மறப்பார்கள் ஐயா, எனக்கு அனுபவம் உண்டு. எழுதின காகிதமெல்லாம் எங்கே என்று கேட்டேன். பாதியை மாலையாகக் கட்டிச் சாத்தியாயிற்று, மாமி மிச்சத்தை வைத்திருக்கிறாள் என்றாள். சாட்சிக்குத் தயாராக ஒரு மாமி.

பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னாள். எழுதும்போது நிப்பு உலர்ந்துவிட்டால் நுனியை நாக்கில் தொட்டுக்கொள்வாளாம். பாய் உதட்டில் வைப்பதைப் பார்த்துப் பழகினதாம்.

நான் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். ஒரு காகிதமும் வைத்தேன். "எழுதிக் காட்டு, பாப்போம்" என்றேன். அவள் கை அந்த நிப்பில் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. அது நியாயமான சோதனை. பேனாவைக் கழுவியிருந்தேனா என்று இன்ஸ்பெக்டர் திரும்பத் திரும்பக் கேட்டார். மறந்திருக்கலாம். அன்றைக்கு எனக்கு எவ்வளவோ அலைச்சல்.

மூடியைத் திருகினாள். காகிதத்தில் வைத்தாள், எழுதவில்லை. தூக்கி வாய்ப்பக்கம் கொண்டுபோனவள் பாதியில் நின்றாள். தொட்டியத்துப் பெண் ஐயா. மருந்து தெளித்துவிட்டு வந்த அண்ணன்மார் சட்டையைத் துவைத்து வளர்ந்தவள். அந்த வாடை அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? என்னை நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் என்னை அப்படி நேராகப் பார்த்ததில்லை. பேனாவை மெதுவாக மூடி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"தண்ணி எடுத்துட்டு வரேங்க" என்று குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். குடம் தெருக்குழாயடியில் கிடந்தது. அவள் அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போய்விட்டாள். பேனாவைப் போலீஸ் கையில் கொடுத்திருக்கிறாள். எனக்கு வருத்தமில்லை. அரசாங்கமே சோதிக்கட்டும் என்றுதான் நானும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே, எதையும் நான் மறுக்கவில்லை. மருந்தை ஊற்றியது நான். பேனாவை பாய் கையில் கொடுத்தது நான். அவர் உறிஞ்சுவார் என்று தெரிந்துதான் கொடுத்தேன். என் மனைவி முன்னால் வைத்ததும் நான்தான், அவளைப் பற்றியும் தெரிந்துதான் வைத்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் முதல் குற்றம் நிப்புத் திருட்டு. அதை முதலில் எழுதிவிட்டு அதற்குக் கீழே என் குற்றத்தை எழுதுங்கள். வரிசை என்று ஒன்று இருக்கிறது.

நீங்கள் தலையை ஆட்டுகிறீர்கள். பாயைத் தோண்டி எடுத்துச் சோதித்தார்கள், பேனாவை மதராஸுக்கு அனுப்பிச் சோதித்தார்கள், நிப்பு பதினாலு காரட் தங்கம், அந்தப் பேனாவோடு வந்த நிப்பேதான், ஒரு தடவை வளைந்து நிமிர்த்திய தடம் இருக்கிறது என்று அறிக்கை வந்திருப்பதாகச் சொல்கிறீர்கள். நான் மரியாதையாகத்தான் கேட்கிறேன் ஐயா. பாய் அதைத்தான் சொன்னார். ஆசாரி அதைத்தான் சொன்னார். என் மனைவி அதைத்தான் சொன்னாள். இப்போது மதராஸிலிருந்தும் அதையே எழுதியிருக்கிறார்கள், நீங்களும் அதையே வாசிக்கிறீர்கள். இத்தனை பேரும் ஒரு வார்த்தை மாறாமல் சொல்கிறீர்களே, நீங்களெல்லாம் எங்கே கூடிப் பேசினீர்கள், அதை மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.